புயல் கடலோடு போன நாள்

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் என்று டிவியில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், எங்கள் தெருவில் செங்கல்லுக்குக் கிராக்கி வந்துவிடும். ஃபிரிட்ஜுக்கு அடியில் வைக்க, வாஷிங் மெஷினுக்கு அடியில் வைக்க, கட்டில் காலுக்கு முட்டுக் கொடுக்க. எந்த வீட்டில் கட்டட வேலை நடக்கிறதோ அந்த வீட்டுக்காரருக்கு அன்று நண்பர்கள் பெருகிவிடுவார்கள். நான் கோவில்பட்டிப் பக்கத்துக்காரி. ஆவடியில் சேக்காட்டுக்குக் குடிவந்த புதிதில் இந்த ஆர்ப்பாட்டத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ஒரு கார்த்திகை மாதம் எங்கள் முதல் காரும் ஹால் சோபாவும் ஒரே தண்ணீரில் ஊறிப் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. இப்போது எங்கள் மாடிப்படிக்குக் கீழேயும் செங்கல் அடுக்கி வைத்திருக்கிறேன். யார் கேட்டாலும் தரமாட்டேன்.

நான் சொல்ல வந்தது சமீபத்தில் வந்த ஒரு புயலைப் பற்றி. வந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. கரைக்கே வராமல் கடலோடு போன புயல் அது. தெரு முனை அடுக்குமாடியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் இருக்கிறார். ஐடி வேலை. ஆனால் அவருடைய உண்மையான உத்தியோகம் வானிலை என்பது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் தெரியும். பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக வரைபடம் அனுப்பிக்கொண்டே இருப்பார். இந்த முறையும் அனுப்பினார். புயல் நமக்கு நேராக வராது, கரையை ஒட்டியே வடக்கே ஏறி ஆந்திராப் பக்கம் போய்விடும், இங்கே காற்று அவ்வளவு இருக்காது, பயப்பட வேண்டாம் என்று.

எதிர்வீட்டு அண்ணன் அதைப் படித்துவிட்டுக் கைப்பேசியை லுங்கி மடிப்பில் செருகினார். ஆவடியில் ராணுவத்துக்கு வண்டி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். உடம்புதான் ஓய்வு பெற்றது, குரல் இல்லை. "அது கடலோட போவட்டும் சார். தண்ணி நம்மாண்டதானே வரும்" என்று தெருவில் நின்றபடியே மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படி சொன்னார்.

மாடியிலிருந்து பதில் வந்தது. "அதுவும் கரெக்டுதானுங்க அண்ணா."

கரெக்டுதான். புயல் கரை ஏறினால் ஒரு நாளில் கதை முடியும். கடலில் நின்றுகொண்டு நகராமல் இருந்தால்தான் எங்களுக்குச் சிக்கல். கடல் பொங்கி நிற்கும்போது ஆற்றுத் தண்ணீரை உள்வாங்காது. ஆறு வாங்காவிட்டால் ஏரிகளின் உபரி நீருக்குப் போக்கிடம் இருக்காது. ஏற்கெனவே நிரம்பி நிற்கிற ஏரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிந்தால், அந்தத் தண்ணீர் மேய்ந்து வருகிற வழியில் எங்கள் தெரு இருக்கிறது. காற்று அடிக்காது, கூரை பறக்காது, டிவிக்காரர்கள் மைக்கைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வரவே மாட்டார்கள். தண்ணீர் மட்டும் வரும்.

மற்ற வீடுகளுக்கு இது ஃபிரிட்ஜைப் பற்றிய கவலை. எனக்கு அப்படி இல்லை. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டுச் சில வருஷங்கள் ஆகின்றன. வாரத்துக்கு மூன்று தரம் பூந்தமல்லிப் பக்கம் ஒரு டயாலிசிஸ் மையத்துக்குப் போய் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வந்தால்தான் அடுத்த முறை வரை தாங்கும். குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும் என்பதால் அவருக்குத் தண்ணீரை டம்ளரில் அளந்துதான் கொடுப்பேன். ஒரு தடவை ஏதோ பந்த் என்று போக முடியாமல் போனதில், தங்கிய தண்ணீர் நெஞ்சுக்கு ஏறி, படுக்க முடியாமல் உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தார். அந்த முகத்தை நான் பார்த்தவள். இன்னொரு தடவை பார்க்கத் தயாராக இல்லை. புயல் எங்களைத் தாண்டிப் போகும் என்று சொன்ன நாள், அவருடைய டயாலிசிஸ் நாள்.

ஒரு நாள் முன்னால் வந்துவிடலாமா என்று மையத்துக்குப் போன் செய்தேன். "எல்லாருமே அதான் மேடம் கேக்குறாங்க. மெஷின் எல்லாம் ஃபுல்லு. உங்க நாளன்னிக்கே வந்துடுங்க, நாங்க இருப்போம்" என்றாள் நர்ஸ். அவள் மீது எனக்குக் கோபம் வந்தது. பிறகு யோசித்தால், முன்னால் போக நினைத்த அத்தனை பேரும் என் வீட்டுக்காரர் மாதிரிதானே. அவர்களில் யாரைக் கீழே தள்ளிவிட்டு நான் இவரை ஏற்றுவது? இருந்தாலும் போனை வைத்துவிட்டு ஒரு பாத்திரத்தை நங்கென்று போட்டேன்.

எங்கள் தெருவின் முன்னேற்பாட்டை நான் இதுவரை வாயைத் திறந்து பாராட்டியதில்லை. எழுத்திலாவது பாராட்டிவிடுகிறேன். புயலுக்கு முதல் நாள் மத்தியானமே வேலை தொடங்கிவிட்டது. மழைநீர் கால்வாய்க்காகத் தோண்டிப் பாதியில் விட்டுவிட்டுப் போன பள்ளங்கள் எங்கள் தெருவில் நிறைய. தண்ணீர் ஏறினால் பள்ளம் எது பாதை எது என்று தெரியாது. அண்ணன் ஒவ்வொரு பள்ளத்தின் ஓரத்திலும் சவுக்குக் கம்பு நட்டார். அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுகிறவர், கிறிஸ்துமஸுக்காக வாங்கி வைத்திருந்த புதுச் சிவப்புத் திரைச்சீலையைக் கத்தரித்துக் கம்பில் கட்டக் கொடுத்தார். "பழைய துணி இல்லையா அக்கா?" என்று கேட்டேன். "பழசு வெளுத்துப்போயி கீது டீச்சர். தூரத்துல இருந்து வர்றவனுக்குத் தெரிய வேணாமா?" என்றார். நான் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் மட்டுமில்லாமல் தெரு முழுக்க எனக்கு அதுதான் பெயர்.

தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டி மூடிகளைப் பாலிதீன் சுற்றி மணல் மூட்டை வைத்து அடைத்தார்கள். அடுக்குமாடியில் லிஃப்டை மேல்தளத்துக்கு ஏற்றி நிறுத்தினார்கள். மொட்டைமாடிகளில் நின்ற பூத்தொட்டிகள் இறங்கின. தரைதள வீட்டுக் கேஸ் சிலிண்டர்களும் அரிசி மூட்டைகளும் மேலே ஏறின. யாரும் யாரிடமும் உதவி என்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஒரு வீட்டில் கட்டிலைத் தூக்கும் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு ஆண்பிள்ளை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்விடுவார். ஆடிக்கு ஒருநாள் அமாவாசைக்கு ஒருநாள் பேசிக்கொள்கிற ஆட்கள்தான். குப்பைத் தொட்டிக்காக ஆறு மாதம் முகம் கொடுக்காமல் இருந்த இரண்டு வீட்டுக்காரர்கள் ஒரே பீரோவின் இரண்டு முனையைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். இறக்கி வைத்த பிறகும் பேசிக்கொள்ளவில்லை. அதுவும் எனக்குப் பிடித்திருந்தது.

அடுத்தது கார்கள். தண்ணீர் வருகிறது என்றால் எங்கள் பக்கத்துக் கார்களுக்கெல்லாம் பட்டாபிராம் பக்கத்து மேம்பாலம்தான் அடைக்கலம். போலீஸ்காரர்கள் ஆரம்பத்தில் விரட்டிப் பார்த்தார்கள். பிறகு அவர்களே ஓரமாகக் கூம்பு வைத்து, ஒரு பக்கம் மட்டும் நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். வரிசையாகக் கிளம்பினோம். கல்யாண ஊர்வலம் மாதிரிதான் இருந்தது, மாப்பிள்ளைதான் இல்லை. எல்லாருக்கும் முன்னால் நிறுத்தப் போன என்னை அண்ணன் தடுத்தார்.

"நீங்க முன்னாடி போவாதீங்க டீச்சர். கடைசியா நிறுத்துங்க. கீழ எறங்குற மூஞ்சியா. சாரு எப்டி போவாருன்றத மொதல்ல பாப்போம், மத்த காரு கீரெல்லாம் அப்புறம்."

எல்லாக் கார்களும் நிற்கும் வரை என்னைக் காத்திருக்கவைத்து, சரிவின் அடியில் கடைசி ஆளாக, வெளியே பார்த்த முகமாக என் காரை நிறுத்தினார்கள். காலையில் ஆட்டோவில் பாலம் வரைக்கும் போவது, அங்கிருந்து நான் காரை ஓட்டுவது என்று ஏற்பாடு. என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரையும் உண்டு, காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அந்தக் காலைச் சாக்கடைத் தண்ணீரில் வைக்கவே கூடாது. எங்கள் தெருவில் ஆட்டோ ஓட்டும் தம்பி, "நா இட்டுனு போறேன்க்கா, நீ இன்னாத்துக்கு கவலப்படுற" என்று சொல்லிவிட்டான். எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

காலையில் கதவைத் திறந்தால் தெரு இல்லை. சிவப்புத் துணி கட்டிய கம்புகள் மட்டும் இரண்டு வரிசையாகத் தண்ணீரில் நின்றன. காற்று பெரிதாக இல்லை. கோயம்புத்தூர்க்காரர் சொன்னபடியே புயல் நல்ல பிள்ளையாகக் கடலோடு போய்க்கொண்டிருந்தது. மழை மட்டும் விட்டு விட்டுப் பெய்தது. மின்சாரத்தை மின்வாரியக்காரர்களே நிறுத்தியிருந்தார்கள், போனில் டவர் இல்லை. ஆட்டோத் தம்பி முதல் காரியமாக வண்டியை எடுத்துப் பார்த்திருக்கிறான். தெரு பாதி தாண்டுவதற்குள் சைலன்சருக்குள் தண்ணீர் புகுந்து நின்றுவிட்டது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றான்.

"வண்டி ஆஃப் ஆயிடுச்சுக்கா. முட்டி மேல கீது தண்ணி."

என் வீட்டுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முகம் ஏற்கெனவே லேசாக ஊதியிருந்தது. "விடு. தலைக்கு மேல வெள்ளம் போனா சாண் என்ன முழம் என்ன. ஒரு நாள் போகலேன்னா ஒண்ணும் ஆயிடாதுல்லா" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "தண்ணி முட்டிக்குத்தான் வந்திருக்கு, உங்க தலைக்கு வரல. சும்மா இருங்க" என்று கத்தினேன். கத்திவிட்டு உள்ளே போய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன். பயம்தான். வேறென்ன?

திரும்பி வந்தபோது அண்ணன் எங்கள் ஹாலுக்குள் இரண்டு நீளச் சவுக்குக் கம்புகளோடு நின்றுகொண்டிருந்தார். கூடவே ஆட்டோத் தம்பி, கோயம்புத்தூர்க்காரர், தெருக்காரர்கள் இன்னும் சிலர். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையிலிருந்து கை வைத்த நாற்காலியை இழுத்து, கைப்பிடிகளுக்குக் கீழே கம்புகளைச் செருகிக் கயிற்றால் கட்டினார்கள். அண்ணன் கட்டிய கட்டைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அண்ணன் வீட்டார் போகிற மாதா கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் மாதா சப்பரத்தைத் தோளில் தூக்குகிறவர்களில் அண்ணனும் ஒருவர். சொரூபம் சாயாமல் இருக்கச் சப்பரத்துக்குக் கட்டுகிற அதே குறுக்குக் கட்டு. அதே கட்டில் எங்கள் வீட்டுச் சைவப் பிள்ளையை உட்காரவைத்தார்கள்.

"எல்லாரும் ஒரே ஒயரம் இருக்கணும்" என்றார் அண்ணன். "முன்னாடி குட்டை, பின்னாடி நெட்டைன்னு நின்னீங்கன்னா சாரு மூஞ்சி குப்புற உளுந்துருவாரு. நா 'மாத்து'ன்னா தோள மாத்தணும். அது வரைக்கும் எவனும் மாத்தக் கூடாது."

"இடது கையப் பிடிக்காதீங்க" என்று நான் கத்தினேன். டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக அறுவை செய்த கை அது. அழுத்தினால் ரத்தக்குழாய் அடைத்துவிடும்.

"தெரியும் டீச்சர். போன தடவ சாரு கையப் புடிச்சப்போ நீங்க கத்துனதே காதுல இன்னும் கீது" என்றார்.

தூக்கினார்கள். கால்களை ஒரு பாலிதீன் பையில் போட்டுக் கட்டி, மடியில் ஒரு குடையும் கொடுத்து அவரை மேலே ஏற்றியதும், தண்ணீருக்கு மேலே அந்தரத்தில் அவர் முகத்தில் சின்னதாக ஒரு சிரிப்பு வந்தது. "பூ தூவுறவங்க யாரும் வரலியா?" என்று கேட்டார். காலையிலிருந்து அவர் பேசிய முதல் நல்ல வார்த்தை. அக்கா தன் வீட்டு வாசலிலிருந்து நிஜமாகவே ஒரு செம்பருத்தியைப் பறித்து எறிந்தார். அது தண்ணீரில் விழுந்தது.

சிவப்புத் துணிக் கம்புகளுக்கு நடுவே ஆட்கள் நடந்தார்கள். நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் போனேன். அக்காவும் சாப்பாட்டுப் பையோடு என்னோடு வந்துவிட்டார். தெருக்காரர்கள் தங்கள் வாசலுக்கு நேராக வரும்போது இறங்கித் தோள் கொடுத்துவிட்டு, அடுத்த வாசல் வந்ததும் விலகினார்கள். திருவிழாவில் அப்படித்தானாம், ஒவ்வொரு வீட்டுக்கும் தூக்கும் பேறு கிடைக்க வேண்டுமாம். பீரோவைச் சேர்ந்து தூக்கியும் பேசிக்கொள்ளாத அந்த இருவரும் ஒரே கம்புக்கு முன்னும் பின்னும் வந்தார்கள். யாரும் அவசரப்படவில்லை. "மாத்து" என்று அண்ணன் சொல்லும்போது மட்டும் நாற்காலி லேசாக எழும்பி, மறுபடி அமரும். நான் கோயில் தேரை நிறைய பார்த்திருக்கிறேன். ஒரு தேரின் பின்னாலும் அவ்வளவு பக்தியோடு போனதில்லை.

பெரிய சாலையில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அங்கே ஒரு சரக்கு வண்டிக்காரரை நிறுத்தி, நாற்காலியோடு ஏற்றி, எல்லாரும் தொங்கிக்கொண்டு பாலத்துக்குப் போனோம். அங்கேதான் எங்கள் முன்னேற்பாடு காலை வாரிவிட்டது.

என் காரைக் கடைசியாக நிறுத்தினோம் அல்லவா, நாங்கள் போன பிறகும் சுற்றுவட்டாரத்திலிருந்து கார்கள் வந்துகொண்டே இருந்திருக்கின்றன. வரிசையில் இடம் தீர்ந்ததும் இரண்டாவது வரிசை போட்டுவிட்டார்கள். எனக்கு முன்னால் மூக்கை இடித்துக்கொண்டு ஒரு கார். பக்கவாட்டில் ஒட்டி ஒரு புதுக் கார். எல்லாக் காரிலும் சொந்தக்காரர்கள் போன் நம்பரை அட்டையில் பெரிதாக எழுதிக் கண்ணாடிக்கு உள்ளே வைத்துவிட்டுப் போவது எங்கள் பக்கத்து ஒழுக்கம். இந்தப் புதுக் காரின் சொந்தக்காரர் அதைவிட ஒழுக்கமானவர். நம்பரை எழுதி வைத்துவிட்டு, கார் நனையக் கூடாது என்று மேலே உறையைப் போர்த்தி, சக்கரத்துக்குச் சக்கரம் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போயிருந்தார். ஆட்டோத் தம்பி கயிற்றை அவிழ்த்து, உறையைத் தூக்கி, கொட்டை எழுத்தில் இருந்த நம்பரைப் படித்தான். படித்து என்ன? ஒருவர் போனிலும் டவர் இல்லை. காரோ ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் நிற்கிறது. பாலத்துச் சரிவாயிற்றே, பொறுப்பானவர் வேறு எப்படி நிறுத்துவார்?

என் வீட்டுக்காரர் பாலத்துச் சுவரோரம் நாற்காலியில் குடைக்குக் கீழே இருந்தார். அவர் மூச்சு கொஞ்சம் சத்தமாக வர ஆரம்பித்திருந்தது. அந்தச் சத்தம் எனக்கு மட்டும்தான் கேட்டதோ என்னவோ. நான் அண்ணனின் சட்டையைப் பிடித்தேன். "அண்ணே, ஏதாவது பண்ணுங்க" என்று சொன்னேன். அப்படி யார் சட்டையையும் நான் பிடித்ததில்லை.

அண்ணன் புதுக் காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். "சப்பரத்தவிட வெயிட்டுதான்" என்றார். "ஆனா தூக்கிரலாம்."

பாலத்துக்குக் கீழே டீக்கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்கள், காருக்குக் காவலாக உள்ளேயே படுத்திருந்த டிரைவர்கள், கூம்பு வைத்துக்கொண்டிருந்த போலீஸ்காரர் எல்லாரும் வந்துவிட்டார்கள். பின்பக்கத்தைச் சுற்றி நின்று குனிந்து பிடித்தார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்க ஒரு குரல் வேண்டும். அண்ணனுக்குத் தெரிந்த குரல் ஒன்றுதான். "மரியே!" என்று அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். எங்கள் தெருக்காரர்கள் "வாழ்க!" என்று தூக்கினார்கள். கார் ஒரு விரற்கடை நகர்ந்தது. இரண்டாம் முறை கூப்பிட்டபோது நெற்றியில் பட்டை போட்ட டிரைவரும், தொப்பி போட்ட டீக்கடை பாயும், கோயம்புத்தூர்க்காரரும், போலீஸ்காரரும் சேர்ந்து "வாழ்க!" என்றார்கள். எனக்குத் தெரியாமலே நானும் சொன்னேன். பின்பக்கத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, பிறகு முன்பக்கம் வந்து தூக்கி, அந்தக் காரைக் குறுக்கே நகர்த்தி எனக்கு வழி செய்து கொடுத்தார்கள். நான் காரை வெளியே எடுத்துத் திரும்பிப் பார்த்தால், ஆட்டோத் தம்பி புதுக் காருக்கு மறுபடி உறையைப் போர்த்திக் கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான். "பாவம்க்கா, புது வண்டி" என்றான்.

நானும் அவரும் அக்காவும் கிளம்பினோம். சேக்காட்டு வழி பூந்தமல்லிக்குப் போகும் சாலை மூழ்கியிருந்ததால், நெமிலிச்சேரி போய் வெளிவட்டச் சாலையில் ஏறினோம். மேடாகப் போட்ட சாலை. இரண்டு பக்கமும் எங்கே பார்த்தாலும் தண்ணீர். "இத்தனை தண்ணி. எனக்கு மட்டும் அரை டம்ளர்" என்றார் பின்சீட்டிலிருந்து. அக்கா சிரித்துக்கொண்டே பையைத் திறந்து அவருக்கென்று உப்பில்லாமல் அவித்த இட்லியை எடுத்துக் கொடுத்தார். தன் வீடு மூழ்கிக்கொண்டிருக்கிற காலையில், எதிர்வீட்டுக்காரருக்கு உப்பு ஆகாது என்பதை ஞாபகம் வைத்து இட்லி அவித்திருக்கிறார். நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன். இல்லாவிட்டால் அழுதிருப்பேன்.

மையத்தில் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போனில் பேசிய நர்ஸ் முந்தின நாள் வந்தவள், வீட்டுக்கே போகவில்லை. டீசல் வண்டி தண்ணீரைத் தாண்டி வர முடியாததால் பாதி மெஷின்களைத்தான் ஓட்ட முடியும், இருக்கிற டீசல் இன்று மாலை வரைதான் வரும் என்றாள். "நீங்க கரெக்டா வந்துட்டீங்க சார், இதான் கடைசி பெட்" என்று அவரைப் படுக்கவைத்து ஊசியைச் செருகினாள். குழாயில் ரத்தம் ஓடத் தொடங்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து அக்காவின் தோளில் சாய்ந்துகொண்டேன்.

பாதி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். இருபது சொச்சம் வயது. தாயார் ஒருபக்கம் பிடித்திருந்தாள். இடுப்பு வரை நனைந்து, முகமும் கண்ணும் வீங்கி, ஒரு வார்த்தை பேசுவதற்கு இரண்டு முறை மூச்சு வாங்கினாள். காட்டுப்பாக்கத்திலிருந்து வருகிறார்களாம். போன முறையும் மழையால் வர முடியவில்லையாம். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, நடந்தே வந்திருக்கிறார்கள். மெஷின் காலியாக இல்லை, ஒருவர் முடிந்த பிறகு இன்னொருவரைப் போடுகிற அளவுக்கு டீசலும் இல்லை என்று நர்ஸ் சொல்ல முடியாமல் சொன்னாள். தாயார் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

என் வீட்டுக்காரர் தலையைத் திருப்பி அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனதில் ஓடுவது எனக்குத் தெரிந்துவிட்டது. "வேண்டாம்" என்றேன், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே.

"டாக்டரக் கூப்பிடும்மா. என்னைக் கழட்டிட்டு அந்தப் பிள்ளையப் போடச் சொல்லு" என்றார் நர்ஸிடம்.

டாக்டர் வந்து ஸ்டெதாஸ்கோப்பை அவர் நெஞ்சில் வைத்துக் கேட்டார், அந்தப் பெண்ணையும் பார்த்தார். "பாதி போதும்னு நான் சொல்லமாட்டேன். இன்னிக்குத் தாங்கும். டீசல் எப்படியும் வந்துடும், ஆனா நாளைக்குக் காலையில நீங்க கட்டாயம் இங்க இருக்கணும். எப்படி வருவீங்க?" என்று கேட்டார்.

நானும் அதையேதான் கேட்டேன், டாக்டரைப் போல மெதுவாக இல்லை. "எப்படி வருவீங்க? தண்ணி இன்னும் ஏறுது. இன்னிக்கு உங்களைக் கொண்டுவர என்ன பாடுபட்டோம் தெரியுமா? நாளைக்கு முடியலேன்னா? நான் என்ன செய்வேன்? சொல்லுங்க!" அந்த அறையில் இருந்த எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே இல்லை. அந்த நிமிஷத்தில் எனக்கு இருந்தது ஒரே ஒரு மனுஷன்.

அவர் என் கையைப் பிடித்தார். குழாய் இல்லாத கையால்.

"நாளைக்கு என்னைத் தூக்கிட்டு வர நம்ம தெரு இருக்குல்லா. அந்தப் பிள்ளை நடந்து வந்திருக்கு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கீழே உட்கார்ந்திருந்த தாயாரை எழுப்பி, மிச்சமிருந்த இட்லியை அவள் கையில் வைத்துக்கொண்டிருந்தார். நர்ஸ் என் பதிலுக்காக நின்றாள்.

"கழட்டும்மா" என்றேன்.